தனித்தனி ஃபேண்டசி உலகங்கள், ஒரே தொன்மமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நடக்கும் டோல்கினின் மிடில் எர்த்தும் ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' நாவல் வரிசையின் காலச் சக்கர உலகமும் ஒரே பூமியின் இரண்டு யுகங்களா? ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் தீவுக்காரர்கள் கும்பிடும் கடல் தெய்வம் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கடல் அசுரன்தானா? ஃபேண்டசி படிக்கிற நாலு பேர் சேர்ந்தால் இப்படி ஒரு பேச்சு எழாமல் இருக்காது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கதைகளின் உள்விவரங்கள் வெளிப்படும், அதனால் இன்னும் படிக்காதவர்கள் கொஞ்சம் பார்த்து வாருங்கள்.

இரண்டு கதைகளில் ஒரே மாதிரி ஏதாவது இருந்தால் அது இணைப்பா?

பெரும்பாலும் இல்லை. ஒற்றுமை மூன்று வழிகளில் வரும். இருவரும் ஒரே பழங்கதையிலிருந்து எடுத்திருக்கலாம். ஒருவர் இன்னொருவருக்கு மரியாதை செய்ய அவர் பெயரையோ ஊரையோ தன் கதையில் வைத்திருக்கலாம். அல்லது இரண்டு கதைகளும் உண்மையிலேயே ஒரே உலகத்தில் நடக்கலாம். ஃபேன் தியரிகளில், அதாவது ரசிகர்களின் ஊகங்களில், முக்கால்வாசி முதல் இரண்டு வகையைப் பார்த்துவிட்டு மூன்றாவது என்று சொல்லிவிடுகின்றன. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று வீட்டில் சொல்வார்களே, அது இங்கேதான் நடக்கிறது. ஆனால் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கிற வேலை மிகச் சுவையானது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே அதனால்தான்.

ரசிகர்கள் ஊகித்த இணைப்பு உண்மையான சரித்திரம் உண்டா?

உண்டு. டெர்ரி புரூக்ஸின் ஷன்னாரா நாவல்கள் 1977இல் தொடங்கின. எல்ஃபும் குள்ளரும் உலவும் அந்த நாடு, நம்முடைய பூமி ஒரு பேரழிவில் அழிந்த பிறகு வந்தது என்பதற்கான குறிப்புகள் முதல் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிறகு 1997 முதல் 1999 வரை, இன்றைய அமெரிக்காவில் பேய்களோடு நடக்கும் போரைப் பற்றி வேறொரு மூன்று நாவல் வரிசையை எழுதினார். இரண்டுக்கும் வெளிப்படையான தொடர்பு எதுவும் இல்லை. 2006இல் வந்த 'ஆர்மகெடன்ஸ் சில்ட்ரன்' முதல் அடுத்தடுத்த நாவல்களில் முடிச்சு அவிழ்ந்தது: அந்தப் பேய்ப் போர் முற்றித்தான் உலகம் அழிகிறது, அந்த அழிவிலிருந்துதான் ஷன்னாரா உலகம் முளைக்கிறது.

பிராண்டன் சாண்டர்சன் தொடக்கத்திலிருந்தே இப்படித் திட்டமிட்டவர். 2005இல் வந்த 'எலான்ட்ரிஸ்' முதல் பல வரிசைகளிலும் ஹாய்ட் என்கிற ஒரே ஆள் வந்து போவார். அது தியரி இல்லை, எழுத்தாளரே போட்ட பாதை. அதனால் இங்கே அதற்கு மேல் எழுதவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர் எழுதி முடித்துக் கொடுத்த ஜோர்டனின் காலச் சக்கரக் கடைசி மூன்று பாகங்கள் அந்தக் கூட்டு உலகத்தில் சேராதவை.

டோல்கினும் சி.எஸ். லூயிஸும் ஒரே தொன்மத்தை எழுதினார்களா?

இருக்கிற இணைப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதற்குப் பின்னால் உண்மையான ஒரு நட்பு இருக்கிறது.

இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர்கள். எழுதியதை வாரந்தோறும் ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டும் இங்க்லிங்ஸ் என்ற நண்பர் குழுவில் இருந்தவர்கள். 1930களின் நடுவில் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: தங்களுக்குப் பிடித்த மாதிரிக் கதைகளை யாரும் எழுதவில்லை, அதனால் தாங்களே எழுதிவிடுவது. விண்வெளிப் பயணம் லூயிஸுக்கு, காலப் பயணம் டோல்கினுக்கு. லூயிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். 1938, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்கள் வந்தன. டோல்கின் தொடங்கிய 'தி லாஸ்ட் ரோடு' பாதியில் நின்றுபோனது. அவர் மகன் கிறிஸ்டோஃபர் அதைப் பதிப்பித்தது 1987இல்தான்.

அந்தப் பாதிக் கதையில்தான் கடலில் மூழ்கிய நூமெனோர் தீவு பிறந்தது. லூயிஸ் அதைக் காதால் கேட்டிருந்தார், எழுத்தில் பார்த்து எழுத்துக்கூட்டவில்லை. 1945இல் வந்த தன் மூன்றாவது நாவலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியபோது 'நூமினோர்' என்று எழுதிவிட்டார். ஆர்தர் மன்னன் கதையில் வரும் மந்திரவாதி மெர்லினின் மந்திரம் நூமினோர் அழிந்த பிறகு மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த பழைய கலையின் மிச்சம் என்று அந்த நாவலில் வருகிறது. முன்னுரையிலும், இதைப் பற்றி மேலும் அறிய நண்பர் டோல்கினின் கையெழுத்துப் பிரதிகள் அச்சாகும்வரை காத்திருங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட்டார். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வந்தது 1954இல். ஆக, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, டோல்கினின் தீவு வேறொருவர் புத்தகத்தில், தப்பான எழுத்தில், அச்சாகியிருந்தது. அந்த எழுத்துப் பிழையே சாட்சி: ஓர் அறையில் ஒருவர் படித்தார், ஒருவர் கேட்டார்.

இதோடு முடியவில்லை. லூயிஸின் வானுலக ஜீவிகளான எல்டில் என்ற பெயரில் தன்னுடைய எல்ஃப் இனமான எல்டாரின் சாயல் இருக்கிறது என்றும், வீனஸ் கிரகத்தின் அரசன் டோர், அரசி டினிட்ரில் என்ற பெயர்கள் தன் கதையின் டுவோர், இட்ரில், டினூவியல் ஆகியவற்றிலிருந்து வந்தவை என்றும் டோல்கினே பிற்காலக் கடிதங்களில் சொல்லியிருக்கிறார். லூயிஸின் கதாநாயகன் ரான்சம் டோல்கினைப் போலவே ஒரு மொழியியல் அறிஞர். அவனுடைய முதல் பெயர் எல்வின், அதாவது எல்ஃபின் நண்பன். டோல்கினின் பாதிக் கதையிலும் அதே பொருள் தரும் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

சரி, ஒரே உலகமா? லூயிஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆமாம். தன் கதைக்குப் பின்னால் டோல்கினின் கதை பழைய சரித்திரமாக இருக்கிறது என்று அவரே எழுதி வைத்துவிட்டார். டோல்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இல்லை. அவர் புத்தகங்களில் ரான்சமுக்கோ செவ்வாய் கிரகத்துக்கோ இடமே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் கதவு அது. இணைப்புகளை எப்போதும் இரு வழிப்பாதை என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

அப்படியானால் நார்னியாவும் இதில் சேருமா?

நார்னியா, லூயிஸ் குழந்தைகளுக்காக எழுதிய கதைவரிசையின் மாய உலகம். அதில் 1955இல் வந்த 'தி மஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் ஒரு காடு வரும். அங்கே நிறையக் குளங்கள், ஒவ்வொரு குளமும் ஒவ்வோர் உலகத்துக்கு வழி. அதில் ஒரு குளம் மிடில் எர்த்துக்குப் போகும் என்பது பிரபலமான தியரி. அந்தக் காட்டை வைத்து எந்தக் கதையையும் எந்தக் கதையோடும் சேர்த்துவிடலாம். எதையும் நிரூபித்துவிடக்கூடியது எதையும் நிரூபிப்பதில்லை. அதோடு, டோல்கின் மிடில் எர்த்தை வேறோர் உலகமாக நினைக்கவே இல்லை. அது நம் பூமிதான், கற்பனையான ஒரு பழங்காலத்தில். அங்கே போகத் தனிக் குளம் தேவையில்லை.

கர்கோசா, ஹாஸ்டுர் என்ற பெயர்கள் ஏன் எல்லார் கதையிலும் வருகின்றன?

இது ஒரு நீண்ட கைமாற்று, நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது. இதைத் தெரிந்துகொண்டால் இந்த மாதிரித் தியரிகளை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

1886இல் அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ் ஒரு சின்னக் கதை எழுதினார். ஒரு மனிதன் பாழடைந்த இடத்தில் அலைகிறான், கடைசியில் தன் பெயர் பொறித்த கல்லறையையே பார்க்கிறான். அவன் வாழ்ந்த பழைய நகரத்தின் பெயர் கர்கோசா. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஹாலி என்ற ஒருவரின் மேற்கோள் வரும். 1891இல் பியர்ஸே எழுதிய இன்னொரு கதையில் ஓர் ஆட்டிடையன் தினமும் கும்பிடும் தெய்வத்தின் பெயர் ஹாஸ்டுர். ஆடு மேய்ப்பவர்களின் சாமி, நல்ல சாமி.

1895இல் ராபர்ட் டபிள்யூ. சேம்பர்ஸ் 'தி கிங் இன் யெல்லோ' என்ற தொகுப்பில் இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டார். ஹாலி இப்போது ஓர் ஏரி. ஹாஸ்டுர் ஒரு கதையில் நட்சத்திரங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம், இன்னொரு கதையில் வேட்டைப் பருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பணியாள். கர்கோசா மட்டும் படிப்பவரைப் பைத்தியமாக்கும் ஒரு நாடகத்தின் நகரமாகிவிட்டது. 1931இல் லவ்கிராஃப்ட் தன் 'தி விஸ்பரர் இன் டார்க்னஸ்' கதையில் திகிலூட்டும் பெயர்களின் பட்டியலில் ஹாஸ்டுரைச் சேர்த்தார். அது என்ன, யார் என்று விளக்கவில்லை. அவர் இறந்த பிறகு எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத் 1939இல் அதை ஒரு பயங்கரத் தெய்வமாக்கி, லவ்கிராஃப்டின் அசுரர்களோடு உறவுமுறையும் பகையும் ஏற்படுத்திக் கொடுத்தார். 2014இல் மார்ட்டினின் உலகத்தைப் பற்றிய 'தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நூலில், தூரக் கிழக்கில் கர்கோசா என்ற ஒரு நகரம். அங்கே தன்னை 69ஆவது மஞ்சள் பேரரசன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மந்திரவாதி.

இடையன் கும்பிட்ட சாமி, ஓர் இடம், ஒரு பணியாள், பட்டியலில் ஒரு பெயர், ஓர் அசுரன். ஐந்தும் ஒன்றுதான் என்று நிரூபிக்க முயன்று வரைபடம் போட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன். வரைய வரைய ஒன்று தெளிவானது: இந்தப் பெயர்கள் கைமாறும்போது அவற்றின் பொருளைக் கூடவே எடுத்துப் போகவில்லை. ஒலியை மட்டும்தான் எடுத்துப் போயின. அடுத்து வருபவர் நிரப்பிக்கொள்ள இடம் விட்டுத்தான் ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். அந்த வெற்றிடத்தைத் தேடுவது, எந்த ஹாஸ்டுர் அசல் என்று சண்டை போடுவதைவிட எனக்கு நிறைவாக இருக்கிறது.

லவ்கிராஃப்ட் வட்டத்தில் இதை அவர்கள் தெரிந்தே, நட்போடு செய்தார்கள். அதே 1931 கதையில் லவ்கிராஃப்ட் தன் எழுத்தாள நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தை, கடலில் மூழ்கிய பழங்கதைத் தீவான அட்லாண்டிஸின் 'கிளார்காஷ் டான்' என்ற பூசாரியாக்கிவிட்டார். இளைஞரான ராபர்ட் ப்ளாக் 1935இல் ஒரு கதையில் லவ்கிராஃப்டைப் போன்ற ஒரு பாத்திரத்தைக் கொன்றார். பதிலுக்கு லவ்கிராஃப்ட் ராபர்ட் பிளேக் என்று ஒருவரைப் படைத்துத் தன் கதையில் கொன்றார்.

அப்படியானால் வெஸ்டெரோஸ் லவ்கிராஃப்டின் உலகத்தில்தான் இருக்கிறதா?

வெஸ்டெரோஸ் மார்ட்டினின் கதை நடக்கும் கண்டம். ஆதாரங்கள் நிறையவே உண்டு. இரும்புத் தீவுகளின் மூழ்கிய தெய்வம். அந்தத் தீவுகளை ஆளும் கிரேஜாய் குடும்பத்தில் டேகன் என்ற பெயருடைய ஒரு பிரபு, லவ்கிராஃப்டின் ஒரு கதையின் தலைப்பும் அதுதான். இறந்தது மறுபடி இறக்காது என்கிற அவர்களின் வழிபாட்டு வாக்கியம், இது லவ்கிராஃப்டின் புகழ்பெற்ற இரண்டு வரிகளின் எதிரொலி. எண்ணெய் பூசியது போல மினுங்கும் கருங்கல் சிம்மாசனம். கர்கோசா, லெங் என்ற ஊர்ப்பெயர்கள்.

ஆனால் மார்ட்டின் செய்த ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள். அந்தக் கருங்கற்களை எல்லாம் கடலிலிருந்து வந்த, பாதி மனித இனம் ஒன்று செதுக்கியிருக்கலாம் என்று தெரோன் என்ற ஓர் அறிஞர் எழுதியதாக 2014 நூலில் வருகிறது. நூலைச் சொல்லிக்கொண்டு போகும் அறிஞருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதாவது இந்தத் தியரியைச் சொல்லும் ஆள் கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்! தெரோன் சரியா, தவறா என்று யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. நான் இதை மரியாதைக் குறிப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெறுமனே பெயரை மட்டும் வைத்த குறிப்பு அல்ல. நமக்கு முன்பு இங்கே யாரோ இருந்தார்கள் என்கிற லவ்கிராஃப்டின் அந்த அச்சத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறார்.

மார்ட்டினின் அறிவியல் கதைகளும் வெஸ்டெரோஸும் ஒரே பிரபஞ்சமா?

பக்கலோன் என்ற வெளிறிய குழந்தைத் தெய்வம் மார்ட்டின் 1975இல் எழுதிய ஓர் அறிவியல் கதையிலும் இருக்கிறது, வெஸ்டெரோஸ் கதையில் ஆர்யா என்ற சிறுமி பிராவோஸ் நகரத்தில் போய்ச் சேரும் கோயிலிலும் இருக்கிறது. இதை வைத்து வெஸ்டெரோஸ் ஒரு மறந்துபோன விண்வெளிக் குடியேற்றம், அதனால்தான் அங்கே கோடையும் பனிக்காலமும் பல ஆண்டுகள் நீள்கின்றன என்கிறார்கள். பருவங்களுக்கான விளக்கம் மாயம் சார்ந்ததாக இருக்கும், அறிவியல் சார்ந்ததாக இருக்காது என்று மார்ட்டின் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். இந்தத் தியரியின் தூணே போய்விட்டது. தனக்குப் பிடித்த ஒரு தெய்வத்தை அவர் மறுபடி எடுத்துப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

மிடில் எர்த்தும் காலச் சக்கரமும் ஒரே பூமியின் வேறு வேறு யுகங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இது. மேலோட்டமாகப் பார்த்தால் அசத்தலாகப் பொருந்தும்.

டோல்கின் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில், 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முடிவில் வில்லனின் இருள் கோட்டை விழுந்ததிலிருந்து நம் காலம்வரை சுமார் 6,000 ஆண்டுகள் இருக்கும் என்றும், நாம் ஆறாம் யுகத்தின் முடிவிலோ ஏழாம் யுகத்திலோ இருக்கிறோம் என்றும் சொல்கிறார். ஜோர்டனின் சக்கரத்தில் ஏழு யுகங்கள். கதை நடப்பது மூன்றாம் யுகத்தில், நம் காலம் முதல் யுகம். 1990இல் வந்த முதல் நாவலிலேயே இதற்குத் தடயம் வைத்திருக்கிறார். உலகைச் சுற்றி எட்டும் நெருப்பு ஈட்டி வைத்திருந்த மோஸ்க் என்ற அரக்கன் ஒரு பழங்கதை. அது மாஸ்கோவும் ஏவுகணையும். நெருப்புக் கழுகின் வயிற்றில் உட்கார்ந்து நிலாவுக்குப் பறந்தவன் லென். அற்புத 'இந்த்' நாட்டின் தாய், நோய் தீர்த்தவள் மெட்டரீஸ் என்று ஒரு பெயர் வரும். கொல்கத்தாவின் அன்னை தெரசாதான் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பெயர் தேய்ந்து, ஊர் தேய்ந்து, சேவை மட்டும் கதையாக மிஞ்சியிருக்கிறது. முதல்முறை அது புரிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆக டோல்கினின் ஏழாம் யுகம் முடிந்ததும் ஜோர்டனின் முதல் யுகம், சக்கரம் தொடர்கிறது என்பது தியரி. இடிக்கிற இடம் காலத்தின் வடிவம். டோல்கினின் உலகம் ஒரே ஒருமுறை படைக்கப்பட்டது, ஒரு முடிவை நோக்கிப் போகிறது. அவருடைய கத்தோலிக்க நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஜோர்டனின் சக்கரத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. மலைகளையும் நதிகளையும் எப்படியாவது பொருத்திவிடலாம். நேர்கோட்டையும் வட்டத்தையும் பொருத்த முடியாது.

அப்புறம், இன்னொரு தடயம் இருக்கிறது, அதை நான் விடமாட்டேன். ஜோர்டனின் இரண்டாவது நாவலில் கதாநாயகன் ராண்ட் 'நைன் ரிங்ஸ்', அதாவது ஒன்பது மோதிரங்கள், என்ற பெயர்ப்பலகை மாட்டிய ஒரு சத்திரத்துக்கு வருகிறான். சிறுவயதில் தனக்கு மிகவும் பிடித்த சாகசக் கதையின் பெயர் அது என்று நினைத்துக்கொள்கிறான். நம் காலம்தான் அவனுடைய முதல் யுகம் என்றால், நம் காலத்தில் எழுதப்பட்ட டோல்கினின் நாவல்தான் தேய்ந்து தேய்ந்து அவன் கையில் சேர்ந்திருக்க வேண்டும். ராண்டின் உலகத்தில் மிடில் எர்த் சரித்திரம் இல்லை, கதை. லென்னும் மோஸ்க்கும் மிஞ்சியது போலவே டோல்கினின் கதாநாயகன் ஃப்ரோடோவும் எப்படியோ மிஞ்சியிருக்கிறான். ஒரே பூமி என்கிற தியரியைவிட இந்த வாசிப்பு எனக்கு எவ்வளவோ பெரிதாகப் படுகிறது.

மார்ட்டினும் ஜோர்டனும்?

அது வணக்கம் மட்டும்தான். ஆனால் அழகான வணக்கம். ஜோர்டனின் இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. மார்ட்டின் 2005இல் வந்த நாவலில், சரித்திரம் ஒரு சக்கரம் என்று எழுதிய ரிக்னி என்ற ஓர் அறிஞரைக் குறிப்பிடுகிறார். ஜோர்டன் இறந்தது 2007இல், அதனால் இது உயிரோடு இருந்த நண்பருக்குச் செய்த மரியாதை.

கோனன் வாழ்ந்த காலமும் நூமெனோர் மூழ்கிய காலமும் பொருந்துமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய, கோனன் என்ற வீரனின் கதைகள் 1932இல் தொடங்கின. அட்லாண்டிஸ் மூழ்கிய பிறகு, எழுதப்பட்ட சரித்திரத்துக்கு முன்பு அவை நடக்கின்றன. நூமெனோரும் டோல்கினின் அட்லாண்டிஸ்தான். எனவே இரண்டு மூழ்கலும் ஒன்றே என்பது தியரி.

நூமெனோர் மூழ்கியது இரண்டாம் யுகம் 3319இல். அந்த யுகம் 3441இல் முடிகிறது, இடையில் 122 ஆண்டுகள். இருள் கோட்டை விழுவது மூன்றாம் யுகம் 3019இல். அதிலிருந்து நம் காலம்வரை சுமார் 6,000. கூட்டினால் ஏறக்குறைய 9,140 ஆண்டுகள், அதாவது கி.மு. 7200 வாக்கில். லவ்கிராஃப்டோ, 1936இல் அச்சான ஒரு கதையில், கோனனின் இனமான சிமேரியர்களின் தலைவன் க்ரோம்-யா என்று ஒருவனைக் கொண்டுவந்து அவன் காலம் கி.மு. 15,000 என்கிறார். கிட்டத்தட்ட 7,800 ஆண்டு இடைவெளி. பொருந்தவில்லை. க்ரோம்-யா ஹோவர்டுக்கு அவர் நண்பர் கொடுத்த பரிசு. அந்தக் கதை வந்த அதே ஆண்டு ஜூனில் ஹோவர்ட் இறந்துபோனார்.

ஒற்றைக் கண், காகம், மரம்: மேட் காத்தனும் பிளட்ரேவனும் ஒருவரா?

இருவருக்கும் தாத்தா ஒருவர்தான், நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வமான ஓடின். ஞானத்துக்காக ஒரு கண்ணைக் கொடுத்தவர், ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கியவர், நினைப்பு, நினைவு என்ற பொருள்படும் பெயருள்ள இரண்டு அண்டங்காக்கைகளை வைத்திருப்பவர். ஜோர்டனின் மேட் மரத்தில் தொங்கவிடப்படுகிறான், அவனுடைய ஈட்டியில் இரண்டு காக்கைகளும் நினைப்பையும் நினைவையும் பற்றிய வரியும் உண்டு, பின்னால் ஒரு கண்ணையும் இழக்கிறான். மார்ட்டினின் பிளட்ரேவனுக்கும் ஒற்றைக் கண், உடல் மரத்தின் வேர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரே ஊற்றில் இரண்டு பேர் தண்ணீர் எடுத்தார்கள்.

என்னிடம் ஒரு தியரி இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

முதலில் இரண்டு கதைக்கும் முந்தைய பழங்கதை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு ஆண்டுகளைப் பாருங்கள்: யார் யாரைப் படித்திருக்க முடியும், யார் யாருக்கு நண்பர்? இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சினால், கதை நடக்கும் விதிகளைப் பாருங்கள்: காலம் எப்படி ஓடுகிறது, இறந்தவர்கள் எங்கே போகிறார்கள், மாயத்துக்கு விலை என்ன. பெயர்கள் சுலபமாகக் கைமாறும், விதிகள் மாறாது. எழுத்தாளர் மறுத்தால் அதையும் ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் அச்சாகி இருப்பதை அவர்கூட அழிக்க முடியாது, லூயிஸின் நூமினோர் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

நேரம் குறைவு என்றால் பியர்ஸின் கர்கோசா கதை. சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் முடிந்துவிடும். அடுத்து சேம்பர்ஸின் தொகுப்பில் முதல் நான்கு கதைகள் போதும், மற்றவை வேறு வகை. டோல்கின், லூயிஸ் பாதையில் போக விரும்பினால் ஆகல்லபேத் என்ற நூமெனோர் அழிவுக் கதையை 'தி சில்மரிலியன்' நூலில் முதலில் படியுங்கள். அதற்குப் பிறகு லூயிஸின் மூன்றாவது விண்வெளி நாவலை எடுத்து, நூமினோர் வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.